புது ஜவ்வு வந்தாயிற்று, தொடை எங்கே?

சென்ற ஆண்டு சித்திரையில் வடுவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். வயது 21. கபடியில் பாடிப் போகிறவன். இடது முழங்காலின் முன்ஜவ்வு (ACL) அறுந்து, புது ஜவ்வு வைத்த ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம். மன்னார்குடி பஸ் நிலையத்திலிருந்து என் கிளினிக் வரை நடந்தே வந்திருந்தான். நொண்டல் இல்லை, வலி இல்லை, முகத்தில் கல்யாணக் களை. "அக்கா, வைகாசியில் எங்கள் ஊர்த் திருவிழா ஆட்டம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா விட்டுவிடுவார்" என்றான்.

நான் தையல்காரர் டேப்பை எடுத்தேன். முட்டிச் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. அளந்து பேனாவால் கோடு போட்டுச் சுற்றளவு பார்த்தேன். வலது தொடை 54 செ.மீ. இடது 50. "சாப்பிட்டால் ஏறிவிடும் அக்கா" என்றான். சரி என்று நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து எழுந்து உட்காரச் சொன்னேன். வலது காலில் 23 முறை எழுந்தான். இடது காலில் நான்கு. ஐந்தாவதற்கு எழும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது, கை தானாகப் போய் நாற்காலி விளிம்பைப் பிடித்தது. அதன்பின் அவன் திருவிழாவைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு அந்த நாற்காலி நன்றாகவே தெரியும். பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டத்தில் என் இடது முன்ஜவ்வு போயிற்று. ஆறு மாதம் கழித்து, "நன்றாக நடக்கிறாயே, ஆடலாம்" என்றார்கள். தொடை பலத்தை ஒருவரும் அளக்கவில்லை. பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்த எனக்கும் அளக்கத் தோன்றவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. ஏழாவது மாதம், ஒரு ரெய்டில் திரும்பும்போது அதே கால், அதே "டப்". இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு நான் களம் இறங்கவில்லை. இங்கே எழுதுவது எல்லாம் அந்த இரண்டாவது தடவையிலும், அதற்குப் பிறகு என்னிடம் வந்த பிள்ளைகளிடமும் கற்றது.

தொடங்குமுன் ஒன்று. ஜவ்வோடு சேர்த்து முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வட்டையும் தைத்திருந்தால், காலை ஊன்றுவதற்கும் மடக்குவதற்கும் முதல் ஆறு வாரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கும். அப்போது உங்கள் சர்ஜன் எழுதிக் கொடுத்ததுதான் சட்டம். நான் சொல்வதை அதற்குப் பின்னால் வையுங்கள்.

தொடை ஏன் காணாமல் போகிறது

படுத்திருந்ததால் மெலிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. முழங்காலுக்குள் நீர் கோத்துக்கொண்டால், மூட்டிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் சேதி முன்தொடைத் தசையை அணைத்துவிடுகிறது. மெயின் சுவிட்சை இறக்கியதுபோல. காயமே இல்லாத நல்ல முழங்காலில் ஊசி வழியாகக் கொஞ்சம் உப்புநீர் ஏற்றினாலும் முன்தொடை தளர்ந்துபோவதைப் பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகையால் வீங்கிய முழங்காலோடு எத்தனை பஸ்கி எடுத்தாலும் முன்தொடைக்குப் பாதிகூடப் போய்ச் சேராது. இடுப்பும் பின்தொடையும் அந்த வேலையைத் திருடிக்கொள்ளும். உடற்பயிற்சி செய்த வியர்வை இருக்கும், தொடை அப்படியே இருக்கும்.

அடுத்தது, புது ஜவ்வை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது. பின்தொடைத் தசைநாரிலிருந்து எடுத்திருந்தால் காலை மடக்கும் பலம் குறையும். முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள நாரிலிருந்தோ, சில்லுக்கு மேலே உள்ள முன்தொடை நாரிலிருந்தோ எடுத்திருந்தால் காலை நீட்டும் பலம் இன்னும் அதிகமாக அடிவாங்கும். மண்டியிட்டால் முன்பக்கம் வலிக்கும். இப்போது நம் பக்கத்தில் கணுக்கால் வெளிப்புற நாரிலிருந்தும் எடுக்கிறார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் இது எழுதியிருக்கும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்துகொண்டு வாருங்கள்.

முதல் இரண்டு வாரம்: தலையணையை எடுங்கள்

வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்யும் முதல் காரியம், மடித்த தலையணையை முழங்காலுக்கு அடியில் வைப்பது. பாசத்தில் குறை சொல்ல முடியாது; வலிக்கும் கால் கொஞ்சம் மடங்கியிருந்தால் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்திலேயே இரண்டு வாரம் இருந்துவிட்டால் கால் முழுதாக நீளாது. மூட்டின் முன்பகுதியில் தழும்புத் திசு வளர்ந்து, கதவிடுக்கில் துணி மாட்டியதுபோல நீட்டலைத் தடுத்துவிடும். சிலருக்கு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கிறது. முழுதாக நீளாத காலில் முன்தொடை ஒருநாளும் முழுப் பலத்துக்கு வராது.

ஆகவே தலையணை குதிகாலுக்கு அடியில் போகட்டும். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலின் கீழ் வைத்து, முழங்காலின் பின்புறம் காற்றில் தொங்கும்படி விடுங்கள். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. முதல் மூன்று நிமிடம் எரிச்சலாக இருக்கும், பிறகு கால் தானே இறங்கும். நல்ல கால் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு இதுவும் நீள வேண்டும். நல்ல கால் சற்றுப் பின்பக்கம் வளைகிற வகை என்றால் இதற்கும் அதுதான் இலக்கு; எவ்வளவு வேகமாக என்பதைச் சர்ஜனிடம் கேளுங்கள்.

அடுத்தது தசையை எழுப்புவது. காலை நீட்டி உட்காருங்கள். முழங்காலின் பின்புறத்தால் தரையை அழுத்தி, சில்லு இடுப்பை நோக்கி மேலே ஏறும்படி முன்தொடையை இறுக்குங்கள். ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். பத்துப் பத்தாக, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிநேரமும். சில்லு நகர்கிறதா என்று கண்ணால் பாருங்கள், சில்லுக்கு உட்புறம் மேலே இருக்கும் சதை கல்லாகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். முதல் சில நாள் ஒன்றுமே நடக்காது. என் இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று நாள், யாரோ ஒருவருடைய காலை உற்றுப் பார்ப்பதுபோல என் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல காலையும் சேர்த்து இறுக்கினால் கொஞ்சம் சீக்கிரம் பிடிபடும். தசையைத் தூண்டும் மின்கருவி உங்கள் பிசியோதெரபி நிலையத்தில் இருந்தால் இந்தக் கட்டத்தில்தான் அதன் அருமை. மின்தூண்டல் வரும்போது நீங்களும் சேர்ந்து இறுக்க வேண்டும்; கருவியைப் போட்டுவிட்டு செல்போன் பார்ப்பதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

பிறகு நீட்டிய காலைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குவது. தூக்கும்போது முழங்கால் கொஞ்சம்கூட மடங்கக் கூடாது. குதிகால் எழும் முன்பே முட்டி தொய்ந்தால் அது கணக்கில் சேராது. தொய்வில்லாமல் இருபது தூக்க முடிந்து, நொண்டாமல் நடக்கவும் முடிந்தால்தான் ஊன்றுகோலை வைக்கலாம். தெருவில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று ஊன்றுகோலைச் சீக்கிரம் மூலையில் சாத்துபவர்கள், நொண்டி நடக்கவே கால்களைப் பழக்கிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை எடுப்பது தசையை வளர்ப்பதைவிடப் பெரிய பாடு.

வீக்கத்தைப் பார்க்க ஒரு சின்ன வித்தை உண்டு. இதை வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டால் ஆறு மாதத்துக்குக் கைகொடுக்கும். காலை நீட்டித் தளர்வாக வைத்துக்கொண்டு, முட்டியின் உட்புறப் பள்ளத்தை உள்ளங்கையால் கீழிருந்து மேலே தொடையை நோக்கி இரண்டு மூன்று தடவை வழியுங்கள். பள்ளம் காலியாகும். இப்போது வெளிப்புறத்தில் மேலிருந்து கீழாக ஒரு தடவை வழியுங்கள். உட்புறப் பள்ளத்தில் ஒரு சின்ன அலை எழும்பி வந்தால் உள்ளே நீர் இருக்கிறது. வெளியே தொடாமலேயே பள்ளம் தானாக நிறைந்தால் நீர் அதிகம். மேலே வழித்தும் பள்ளம் காலியாகவே இல்லை என்றால் அன்றைக்குப் பயிற்சியே வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம், காலை உயர்த்தி வைத்து ஓய்வு.

கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தையலில் சீழ் கசிந்தாலோ மறுநாள் வரை பார்க்காதீர்கள். அன்றே மருத்துவமனை. எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று வரும் மாமாக்களை இந்தக் காலத்தில் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருக்கும்போது உருவுவது உயிரோடு விளையாடுவது.

ஆறாவது வாரம் வரை

இந்தக் கட்டம் சலிப்பானது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். குதிகாலைத் தரையில் இழுத்து மடக்குவது, நின்ற இடத்திலேயே ஓட்டும் சைக்கிள், சுவரில் முதுகைச் சாய்த்து அரைமண்டி, இரண்டு காலிலும் குதிகால் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. பின்தொடையிலிருந்து ஜவ்வு எடுத்தவர்கள் மட்டும் இடுப்புத் தூக்கலையும் காலை மடக்கும் பயிற்சிகளையும் அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம். எடுத்த இடமும் ஒரு காயம்தான். செருப்பைப் போடக் காலைப் பின்னால் வெடுக்கென்று இழுத்தபோது தொடையின் பின்புறம் பட்டென்று பிடித்துக்கொண்டது என்று வருகிறவர்கள் உண்டு. இந்தியக் கழிப்பறை, சம்மணம் இரண்டும் இப்போதைக்கு ஆகாது. நாற்காலிக் கழிப்பறை இல்லாத வீட்டில், நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போதும்.

மாட்டிக்கொள்வது இங்கேதான்

ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை முழங்கால் நன்றாக இருப்பதாகத் தோன்றும். வலி போயிருக்கும், மாடிப்படி ஏறுவீர்கள், பைக் எடுக்கக் கை துறுதுறுக்கும். உள்ளே நடப்பது வேறு. வைத்த ஜவ்வு உடலின் வேறிடத்து நார். அது முதலில் உள்ளுக்குள் செத்து, பிறகு புது ரத்தக்குழாய்கள் நுழைந்து, மெல்ல மெல்ல ஜவ்வாக மாறுகிறது. வைத்த நாளில் இருந்ததைவிட இந்த வாரங்களில் அது பலவீனமாக இருக்கும். நாற்று நட்ட வயல் பச்சை பிடிக்கும் முன் ஒரு வாரம் வெளுத்துக் கிடக்குமே, அப்படி. அந்த நேரத்தில் வயலில் மாட்டை இறக்குவதில்லை. குதிப்பது, திடீரென்று திரும்புவது, கரடுமுரடான வரப்பில் ஓடுவது மூன்றும் கூடாது.

ஆனால் பளு தூக்குவது கூடும், தூக்கத்தான் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மூன்று மாதமும் வெறும் காலை ஆட்டிக்கொண்டிருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். லெக் பிரஸ் (உட்கார்ந்து பாதத்தால் பளுவைத் தள்ளும் இயந்திரம்), பெட்டிமேல் ஏறி இறங்குவது, தொடை தரைக்கு இணையாக வரும்வரை பஸ்கி எல்லாம் வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாத அளவில் ஏறிக்கொண்டே போகலாம். ஏறி இறங்குவதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு ஹரித்ராநதி தெப்பக்குளத்துப் படித்துறை இருக்கிறது. பாசி இல்லாத படியாகப் பார்த்து, ஏறுவதைவிட இறங்குவதை மெதுவாக, மூன்று எண்ணி இறங்கச் சொல்வேன். இறக்கத்தில்தான் முன்தொடை பிரேக் போடக் கற்கிறது. எதிராளி பிடிக்க வரும்போது சட்டென்று நிற்க உதவுவது அந்த பிரேக்தான்.

உட்கார்ந்து காலை நீட்டும் இயந்திரம் பற்றி ஊரில் ஒரு பயம் இருக்கிறது. "ஜவ்வு ஆபரேஷன் ஆனவன் அதில் உட்காரவே கூடாது" என்று ஜிம் பயிற்சியாளர்கள் விரட்டுகிறார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு: கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும் கடைசி பாகைகளில் பளுவோடு நீட்டினால் முன்ஜவ்வின்மேல் இழுப்பு கூடும். 90 பாகையிலிருந்து 45 பாகை வரை அந்த இழுப்பு மிகக் குறைவு. அதனால் நான்காவது வாரத்துக்குப் பிறகு அந்த வரம்புக்குள் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலைக் கூட்டி, மூன்றாம் மாதம் முழு நீட்டலுக்கு வருவது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட முறை. பின்தொடை நார் வைத்தவர்களுக்குப் பளு ஏற்றுவதில் இன்னும் நிதானம் வேண்டும்; முதல் பன்னிரண்டு வாரம் காலின் கனமே போதும் என்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி. முன்தொடையைத் தனியாகப் பிடித்து வேலை வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பஸ்கியில் இடுப்பு ஏமாற்றும், இயந்திரத்தில் ஏமாற்ற ஆள் இல்லை.

மூன்று முதல் ஆறு மாதம்: கனம், ஒற்றைக் கால், கண்காணிப்பு

தசை வளர வேண்டுமென்றால் அதற்குக் கஷ்டமாக இருக்க வேண்டும். இருபது முப்பது தடவை செய்தும் பேச்சுக் கொடுக்க முடிகிற பயிற்சி இனி தசைக்குத் தூக்க மாத்திரை. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொரு பயிற்சியும் நான்கு சுற்று, சுற்றுக்கு ஆறிலிருந்து எட்டு. எட்டாவது முடிந்ததும் இன்னும் இரண்டுதான் முடியும் என்ற நிலை இருந்தால் கனம் சரி. ஐந்து முடியும் என்றால் கனத்தைக் கூட்டுங்கள். சுற்றுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள், அது சோம்பல் கணக்கில் வராது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்றால்: பத்து நிமிடம் சைக்கிள், ஒற்றைக் காலில் லெக் பிரஸ், ஒற்றைக் காலில் நீட்டும் இயந்திரம், பின்காலைப் பெஞ்சில் வைத்து முன்காலில் இறங்கும் பஸ்கி, பின்தொடைக்கு, மண்டியிட்டுக் கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது (பின்தொடை நார் எடுத்தவர்கள் இதை நான்காம் ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள்), கடைசியில் ஒற்றைக் காலில் குதிகால் தூக்கல் இருபத்தைந்து வரை. ஜிம் இல்லாத ஊரில் 20 லிட்டர் தண்ணீர் கேனை நெஞ்சோடு அணைத்தால் 20 கிலோ, 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் போட்டால் 25. சைக்கிள் டியூபைக் கட்டிலின் காலில் கட்டிக் கணுக்காலில் மாட்டினால் நீட்டும் இயந்திரத்துக்கு ஏழை வீட்டுத் தம்பி. ஆனால் நான்காம் மாதத்துக்குப் பிறகு டியூப் போதாது. வாரத்துக்கு இரண்டு நாளாவது மன்னார்குடிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறி ஜிம்முக்குப் போகத்தான் சொல்கிறேன்.

ஆபரேஷன் ஆன காலை முதலில் செய்யுங்கள், புதுத் தெம்பு இருக்கும்போதே. நல்ல காலையும் விட்டுவிடாதீர்கள். அதுவும் மாதக்கணக்கில் ஆட்டமில்லாமல் மெலிந்திருக்கும். இரண்டும் சமம் என்று மகிழ்ந்தால், இரண்டும் சேர்ந்து பலவீனமாக இருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே நல்ல காலின் பலத்தை அளந்து எழுதி வைத்திருந்தால் அதுதான் உண்மையான இலக்கு.

உடம்பு செய்யும் திருட்டுத்தனத்தைப் பிடிக்க நான் இரண்டு எடை பார்க்கும் மெஷின்களை அக்கம்பக்கமாகத் தரையில் வைக்கிறேன். பாதத்துக்கு ஒன்று. ஏறி நின்று மெதுவாகப் பஸ்கி. 70 கிலோ ஆளுக்கு இரண்டிலும் 35 காட்ட வேண்டும். வடுவூர்த் தம்பி முதல் நாள் இறங்கியபோது வலதில் 43, இடதில் 27. "நான் நேராகத்தான் நிற்கிறேன் அக்கா" என்று சத்தியம் செய்தான். குனிந்து முள்ளைப் பார்த்ததும் அவனே சிரித்துவிட்டான். அன்றிலிருந்து எடுத்த ஒவ்வொரு பஸ்கியும் அந்த இரண்டு முள்ளைப் பார்த்துத்தான். மூன்று வாரத்தில் பார்க்காமலே 36, 34க்கு வந்தான். மெஷின் இல்லையென்றால் முன்னால் நின்று ஒருவர் செல்போனில் படம் எடுக்கட்டும். இடுப்பு எந்தப் பக்கம் நழுவுகிறது, முட்டி உள்ளே விழுகிறதா என்று படத்தில் தெரிந்துவிடும்.

பளு ஏற்றிய மறுநாள் காலை, பல் துலக்குவதற்கு முன் அந்த அலை வித்தையைச் செய்யுங்கள். நேற்றைவிட நீர் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். ஒரு படி இறங்குங்கள். கூடவில்லை என்றால் தொடருங்கள். தொடையில் சதை வலி இருப்பது நல்ல சகுனம், மூட்டுக்குள் வலி அப்படியல்ல.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால் 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 110 கிராம் பக்கம். நான்கு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 13, நல்ல துண்டு மீனில் 30. மீதி பருப்பிலும் சோற்றிலும் வந்துவிடும். மூன்று தட்டுச் சோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டு, டப்பாப் பவுடர் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் சுண்டலைத்தான் சொல்கிறேன்.

தராசு

பெரிய நகரங்களில் தசைப் பலத்தை அளக்க இயந்திரம் இருக்கிறது. எங்கள் ஊரில் இருப்பது மீன் மார்க்கெட்டில் தொங்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு. முதல் தராசை நான் ஒரு மீன் வியாபாரியிடம் இரவல் வாங்கினேன். இரண்டு நாள் கிளினிக்கில் வாளை மீன் வாசம். 200 கிலோவுக்குமேல் தாங்குவதாகவும், உச்ச அளவைப் பிடித்துக் காட்டுவதாகவும் பார்த்து வாங்குங்கள்.

கனமான மேசையின் விளிம்பில், முழங்கால் 90 பாகையில் மடங்கிக் கால் தொங்கும்படி உட்காருங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே துண்டு சுற்றி, அதன்மேல் அகலமான பட்டையை மாட்டுங்கள். பட்டையைத் தராசின் கொக்கியிலும், தராசின் மறுமுனையைப் பின்னால் மேசைக் காலிலும் சங்கிலியால் கட்டுங்கள். சங்கிலி தளராமல், கணுக்காலுக்கு நேர் பின்னால் தரைக்கு இணையாக இருக்கட்டும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வெடுக்கென்று உதைக்காமல், மூன்று விநாடியில் பலத்தைக் கூட்டி இரண்டு விநாடி முழு மூச்சாக நீட்டுங்கள். மூன்று தடவை செய்து அதிகமானதை எழுதுங்கள். பிறகு மற்றக் கால். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை போதும்.

இப்போது கணக்கு. தராசு காட்டிய கிலோவை, முழங்கால் மூட்டிலிருந்து பட்டை வரையிலான தூரத்தால் (மீட்டரில்) பெருக்கி, உடல் எடையால் வகுங்கள். 70 கிலோ எடை, தூரம் 0.35 மீட்டர், தராசில் 45 கிலோ என்றால் விடை 0.225. களத்துக்குத் திரும்பும் ஆண் ஆட்டக்காரருக்கு 0.3 வந்தால் நல்லது என்று வைத்திருக்கிறேன். அதே ஆளுக்கு அது தராசில் 60 கிலோ. பெண்களுக்கு இது சற்றுக் குறைவாக இருக்கலாம். கால்களுக்குள் ஒப்பிட்டால் ஆபரேஷன் ஆன கால் மற்றதில் 90 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இரண்டு விடையும் வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் போதாது.

ஓட்டம், குதிப்பு, பிடி

ஓட்டத்துக்கு நான் வைத்திருக்கும் நிபந்தனை: மூன்று மாதம் முடிந்திருக்க வேண்டும், அலை வித்தையில் நீர் தெரியக் கூடாது, கால் முழுதாக நீள வேண்டும், தராசில் மற்றக் காலின் 70 விழுக்காடாவது தொட வேண்டும். நான்கும் இருந்தால் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு தடவை. நேர்கோட்டில், சமமான மண்ணில், காலையில். இது மூன்று வாரம் நீர் கூட்டாமல் போனால் வேகம். அப்புறம்தான் குதிப்பு. முதலில் பெட்டியிலிருந்து இரண்டு காலில் இறங்கி நிற்பது. "தொம்" என்று சத்தம் வரக் கூடாது. பூனை மதிலிலிருந்து இறங்குவதுபோல முட்டியும் இடுப்பும் மடங்கி வாங்க வேண்டும். பிறகு ஒற்றைக் கால், பிறகு பக்கவாட்டு, பிறகு திரும்பிக் குதிப்பது.

ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாவுகிறீர்கள் என்று இரு காலையும் அளந்து ஒப்பிடுவது பழைய சோதனை. செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். தாவும் தூரத்தில் கணுக்காலும் இடுப்பும் பெரும்பங்கு போடுகின்றன. முன்தொடை பலவீனமாக இருந்தாலும் தூரம் சமமாக வந்துவிடலாம். தாவலில் 95 விழுக்காடு, தராசில் 71 என்று வந்த பெண் வாலிபால் ஆட்டக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். பயிற்சியாளர் தாவலைக் காட்டினார், நான் தராசைக் காட்டினேன். அந்தப் பெண் நல்லவேளையாகத் தராசை நம்பினாள்.

ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறங்காதே என்று நான் சொன்னால் பாட்டி சொல்வதுபோல் கேட்டுக்கொள்கிறார்கள். அதனால் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 106 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மறுகாயம் 51 விழுக்காடு குறைந்திருந்தது. பலமும் தாவலும் உள்ளிட்ட சோதனைகளில் தேறாமல் ஆடப்போனவர்களில் 38.2 விழுக்காட்டினருக்கு மறுபடி காயம். தேறிப் போனவர்களில் 5.6. உடனே எல்லோரும் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தைச் சொல்வார்கள். 2023 ஆகஸ்டில் முழங்கால் ஆபரேஷன், அடுத்த பிப்ரவரியில் தேசியப் போட்டியில் தங்கம், ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானின் ஒலிம்பிக் சாம்பியன் யுயி சுசாகியையே வீழ்த்தினார். உண்மைதான். ஆனால் ஒலிம்பிக் வீராங்கனைக்குத் தினமும் காலைத் தொட்டுப் பார்க்க ஆள் உண்டு. நமக்கு இருப்பது அலை வித்தையும் மீன் தராசும். சுசாகியை வீழ்த்திய அன்றைக்குக்கூட அவருக்கு ஆபரேஷன் முடிந்து ஏறக்குறைய ஒரு வருடம்.

கபடிக்குத் திரும்புவதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஓடி, திரும்பி, தாவி எல்லாம் தேறிய பிறகும், நான்கு பேர் கணுக்காலையும் இடுப்பையும் பிடித்து இழுக்கும்போது கால் என்ன செய்யும் என்று தனியாகப் பழக வேண்டும். எட்டாவது மாதம் நான் தொடங்குவேன். முதலில் ஒருவர் கணுக்காலை மெதுவாகப் பிடிக்க, பாடுபவர் முட்டியை மடக்கித் தாழ்ந்து கோட்டை நோக்கி இழுப்பது. பிடிப்பவர் எந்தப் பக்கம் இழுக்கப்போகிறார் என்று முன்பே சொல்வார். இரண்டு வாரம் கழித்துச் சொல்ல மாட்டார். அப்புறம் இருவர். முதலில் மண் தரை, பிறகு மேட். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்ளும், பாதம் நின்ற இடத்தில் நிற்க முட்டி மட்டும் திரும்பும் ஆபத்து அதில் அதிகம். முதல் முழு ஆட்டத்தில் ஒரு பாதி மட்டும். களம் திரும்பிய பின்னும் வாரத்தில் இரண்டு நாள் பளு நிற்கக் கூடாது. ஆட்டமே பயிற்சி என்று விட்டவர்களின் தொடை இரண்டு மாதத்தில் மெலியத் தொடங்குவதை டேப்பே காட்டும்.

வடுவூர்த் தம்பி வைகாசித் திருவிழாவில் ஸ்கோர் எழுதினான். அவனுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. பத்தாவது மாதம் வந்தபோது தொடை 54க்கு 53.5, நாற்காலியில் 22, தராசில் இடது 61, வலது 64. எழுதி முடித்து நிமிர்ந்தால் ஆள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறான். "எங்கேடா?" என்றேன். "ஆறு மணிக்குப் பிராக்டிஸ் அக்கா, பஸ் போய்விடும்" என்றான்.